ஊசித்துளை மேல் கையெழுத்து

என் அம்மா சந்தனம்மாள் 1943 ஜனவரியில், தேனி மிஷன் ஆபீசை ஒட்டிய வீட்டில், காய்ச்சலில் இறந்தாள். வயது அறுபத்திரண்டு. சபைப் பத்திரிகையில் நான்கு வரி போட்டார்கள். "கணவருடைய ஊழியத்துக்கு உதவியாக இருந்தார்" என்று அதில் ஒரு வரி. அது சரியல்ல. அதனால் இதை எழுதுகிறேன்.

அப்பா பிச்சைமணி ஜெயமங்கலம் மிஷன் பள்ளியில் முப்பத்தொரு வருடம் வாத்தியார். ஓய்வுக்குப் பிறகு, 1937இல், இருவரையும் தேனி ஆபீசைப் பார்த்துக்கொள்ள அழைத்தார்கள். சுற்று ஊர்களில் நடக்கும் ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் எல்லாவற்றுக்கும் பதிவேடு எழுத வேண்டும். கேட்பவர்களுக்குச் சான்றிதழ் தர வேண்டும். பதிவேட்டில் அப்பா மட்டுமே எழுதலாம் என்பது விதி. அம்மாவுக்குச் சுவிசேஷப் புத்தகங்களைக் கட்டுக்கட்டி அனுப்பும் வேலை. இரண்டு அறை வீடு அந்த ஊழியத்தோடு சேர்ந்தது.

நான் மதுரையில் ரயில்வே டிராயிங் ஆபீசில் படம் வரைபவன். 1939 கடைசியில் அப்பாவிடமிருந்து வந்த ஒரு கடிதத்தை இரண்டு முறை படித்தேன். எழுத்து அவருடையதுதான். அதே சாய்வு, ளகரத்துக்கு அதே பெரிய சுழி. ஆனால் கோட்டின் கனம் எங்கும் ஒன்றாக இருந்தது. அப்பா எழுதினால் வரி முடிவில் பேனா அழுந்தும். இது எழுதியதல்ல, பார்த்து வரைந்தது. எனக்கு அது தெரியும். என் பிழைப்பே அதுதான்.

சனிக்கிழமை வண்டியில் போய் அம்மாவைக் கேட்டேன்.

"அவுகளுக்குக் கண்ணு போயிருச்சுய்யா. வெளிச்சம் தெரியும். ஆளு தெரியாது."

"டாக்டர்?"

"புரையில்லையாம். நரம்பாம். அறுத்தும் பிரயோசனமில்லன்னுட்டாக."

"மதுரைக்கு வந்துருங்க."

"அங்கன வந்து? நீ ஆபீசுக்குப் போயிருவ. ஒங்கப்பா சன்னலப் பாத்து ஒக்காந்திருப்பாக. அந்தச் சன்னலும் தெரியாது. மேசைய எடுத்துட்டா அவுகளுக்கு என்னய்யா மிச்சம்?"

அப்பா சொல்லச் சொல்ல, பதிவேட்டை அவர் எழுத்திலேயே அம்மா எழுதினாள். மதுரை வண்டி ஊதியதும் பேனாவை அப்பா கையில் வைத்துவிட்டுப் புத்தகக் கட்டுகளுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்வாள். மிஷனிலிருந்து யார் வந்தாலும் அந்த வண்டியில்தான் வரவேண்டும். யாரும் வரவில்லை என்று உறுதியான பிறகே திரும்பி வந்து பேனாவை வாங்குவாள். அதுவரை சேலைத் தலைப்பைப் பல்லில் கடித்திருப்பாள். அவளுடைய எல்லாச் சேலையிலும் அந்த முனை நைந்திருந்தது.

கையெழுத்தை மட்டும் தானே போடுவேன் என்றார் அப்பா. பாதியாவது உண்மையாக இருக்கட்டும் என்று. அம்மா சிறுவயதில் போர்டிங் பள்ளியில் லேஸ் பின்னக் கற்றவள். லேஸ் மாதிரியை அட்டையில் ஊசியால் குத்தித்தான் எடுப்பார்கள். அதே போலக் கையெழுத்து வரும் இடத்தில் தாளின் அடியிலிருந்து வரிசையாகக் குத்தினாள். அப்பா இடது விரலால் அந்த மேட்டைத் தடவி, அதன்மேல் எழுதுவார். வரி விலகாது.

1941 செப்டம்பரில் மிஷன் செயலாளர் கருத்தக்கண்ணன் போதகர் தணிக்கைக்கு வருவதாகக் கடிதம் வந்தது. அம்மா எனக்கு ஒரு வரி எழுதினாள்: "வந்து சும்மா நில்லு." லீவு போட்டுப் போனேன்.

முதல் நாள் முழுக்க அம்மா பதிவேட்டைப் பிரித்துவைத்து அப்பாவிடம் பாடம் ஒப்பிக்கக் கேட்டாள்.

"பதினேழாம் நம்பர்?"

"கடமலைக்குண்டு, ஒச்சாண்டி மக பொன்னாத்தா. ஏ ஆத்தா, இங்கன யாரு வாத்தியாரு, நானா நீயா?"

"தப்பாச் சொன்னா பெஞ்சு மேல ஏத்திருவேன். பதினெட்டு?"

மறுநாள் போதகர் பதிவேட்டைப் புரட்டினார். அப்பா பார்க்காமலே எண்ணும் பேரும் சொன்னார். "ஐயாவுக்கு வயசே ஆகல" என்று போதகர் சிரித்தார். அம்மா என்னைப் பார்த்தாள். முடிந்துவிடும் என்று நினைத்தோம்.

அப்போது ஜெயமங்கலத்து அக்கம்மாள் வந்து நின்றாள்.

"வாத்தியாரய்யா, மகனுக்கு ஞானஸ்நானச் சீட்டு வேணும். பட்டாளத்துல வயசு கேக்குறாக."

"நாளைக்கு வா ஆத்தா" என்றாள் அம்மா.

"எதுக்கு நாளைக்கு?" என்றார் போதகர். "ஐயா இப்பவே எழுதிக் குடுக்கட்டும்."

இப்படி ஏதாவது நடந்தால் என்று ஒரு படிவத்தில் எல்லா வரிகளையும் அம்மா குத்தி வைத்திருந்தாள். அதை மேசையில் நேராக வைத்தாள். அப்பா பேனாவை மைக்கூட்டில் தோய்த்தார். வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினார். அவரிடம் படித்த பையன் என்பதால் எல்லாம் நினைவில் இருந்தது: பேர், தகப்பன் பேர், தேதி, ஊர். வரிகள் நேராகத்தான் போயின. ஆனால் தாள் வெள்ளையாகவே இருந்தது. காலையில் பதற்றத்தோடு மேசையைத் துடைத்த அம்மா மைக்கூட்டையும் கழுவி வைத்திருந்தாள். மை ஊற்ற மறந்துவிட்டாள்.

பேனா முள் வறண்டு கீறும் சத்தம் எனக்குக் கேட்டது. வாய்விட்டுச் சொல்லிக்கொண்டிருந்த அப்பாவுக்குக் கேட்கவில்லை. கையெழுத்துப் போட்டு, ஊதி, தாளை நீட்டினார். அக்கம்மாளுக்கு எழுத்து தெரியாது. வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

போதகர் அந்த வெள்ளைத் தாளைப் பார்த்தார். பிறகு அப்பாவின் முகத்தைப் பார்த்தார். நான் நின்ற இடத்திலேயே நின்றேன்.

அம்மா கையை நீட்டினாள். "குடு ஆத்தா. ஈரம் காயட்டும்."

பிறகு போதகர், "ஆமா, ஈரமாத்தான் இருக்கு. காய வச்சு வாங்கிக்க" என்றார்.

அவரை வண்டியேற்ற அம்மாவும் நானும் போனோம். ஸ்டேஷனில் கேட்டார்.

"எத்தன நாளா?"

"ரெண்டு வருசமாச்சுய்யா."

"ஒங்களுக்கு ஏதாச்சும் ஆனா யாரு எழுதுவா?"

"எனக்கு முந்தி அவுக போயிரணும்னு தெனமும் ஜெபம் பண்றேன்" என்றாள் அம்மா.

எங்கள் பக்கத்துப் பெண்கள், எந்தச் சாமியைக் கும்பிட்டாலும், புருஷனுக்கு முன்னால் போகவே வேண்டிக்கொள்வார்கள். போதகர் வண்டியில் ஏறிக்கொண்டார். அவர் அறிக்கையை நான் பிறகு பார்த்தேன். "பதிவேடுகள் ஒழுங்கு. கையெழுத்து தெளிவு."

அடுத்த வருடம் யுத்தத்துக்காக அந்தப் பாதையின் தண்டவாளத்தைப் பெயர்த்தார்கள். வரைபடத்தில் "அகற்றப்பட்டது" என்று எழுதியவன் நான். வண்டி போனதும் ஊதலும் போயிற்று. யார் எப்போது பஸ்ஸில் வந்து இறங்குவார்கள் என்று அம்மாவுக்குத் தெரியாமல் போயிற்று. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டாலே பேனாவைக் கீழே வைத்தாள். செயலாளருக்குத் தெரிந்துவிட்டது, இனி என்ன பயம் என்று கேட்டேன். "அவுக வேற ஊருக்கு மாத்தலாயிட்டா?" என்றாள்.

காய்ச்சல் ஒன்பது நாள். கடைசி இரண்டு நாள் போர்வையில் ஒரு விரல் குத்திக்கொண்டே இருந்தது, ஊசி பிடித்த மாதிரி. "ஒங்கப்பா இன்னும் இருக்காகளே" என்று இரண்டு முறை சொன்னாள்.

அடக்கம் முடிந்து வந்ததும் அப்பா பதிவேட்டைக் கேட்டார். அவர் சொன்னார், நான் எழுதினேன். பேர் சந்தனம்மாள். கணவன் பேர். வயது. காய்ச்சல். அதே சாய்வு, அதே சுழி, ஒரே கனம். வரைவது எனக்குக் கஷ்டமில்லை.

கையெழுத்துக் கட்டத்துக்கு வந்தபோதுதான் நினைவு வந்தது. "அப்பா, இருங்க. ஊசி எடுத்துட்டு வாறேன்."

அவர் விரல் அதற்குள் தாளைத் தடவிவிட்டது. துளைகள் இருந்தன.

"எத்தன பக்கம் பாரு" என்றார்.

புரட்டினேன். அந்தப் பதிவேட்டின் கடைசிப் பக்கம் வரை, ஒவ்வொரு கட்டத்திலும் குத்தி வைத்திருந்தாள்.

அப்பா கையெழுத்துப் போட்டார். பதிவேட்டை மூடினார். கொஞ்ச நேரம் அதன்மேல் கை வைத்திருந்தார்.

"ஏலே, போதகருக்கு ராஜினாமா எழுது. அவ எழுத்துல வேணாம். ஒன் எழுத்துல எழுது."

எழுதினேன். அந்தத் தாளில் துளை போட வேண்டாம் என்றார். கையெழுத்து வரியை விட்டு இறங்கி, தாளின் ஓரத்துக்குப் போய்விட்டது. அப்படியே அனுப்பினேன்.