பல் செட்காரரின் மழைப் படம்

பல் செட் செய்து பிழைக்கும் ஒரு மனிதருக்கு, பழைய கறுப்பு வெள்ளைப் புகைப்படங்களை ஏலத்தில் எடுக்கும் நோய் எப்படித் தொற்றியது என்று மருத்துவ உலகம் இதுவரை ஆராயவில்லை. வேலை நாட்களில் அடுத்தவர் வாய்க்குப் பல். விடுமுறை நாட்களில் ஏலக்கூடத்தின் கடைசி வரிசை.

அவர் தேடியது அசல் பிரதி. அதாவது, படம் எடுத்தவரே, எடுத்த காலத்திலேயே, தன் இருட்டறையில் தன் கையால் பிரிண்ட் போட்டது. அதே நெகடிவிலிருந்து பிற்பாடு வேறு யாரோ போட்டதற்கு அந்த உலகில், மாற்றாந்தாய் வீட்டில் மூத்தாள் பிள்ளைக்குக் கிடைக்கும் மரியாதைதான். இவர் அதுவரை வாங்கிக் குவித்தவை எல்லாம் மூத்தாள் பிள்ளைகள்.

"மச்சான் கைப்பட்டது எதுதான் அசல்? பல்லே டூப்பு," என்பார் மைத்துனர், இவர் வீட்டு நாற்காலியிலேயே சாய்ந்துகொண்டு.

கடைசியில், யார் யாருடைய கல்யாணப் படங்களோடோ ஒரே கட்டாக அது வந்து சேர்ந்தது. மழையில் சன்னலைச் சாத்தும் ஒரு பெண்ணின் கை. எடுத்தவர் பெரிய மேதை. கூடத்தில் யாருக்கும் அடையாளம் தெரியவில்லை; இவருக்குத் தெரிந்தது. ஒரு நிபுணர் "ஆமாம்" என்று சொல்லிவிட்டால் போதும், இத்தனை வருடம் பார்த்த பார்வை வீண் போகவில்லை என்றாகிவிடும்.

நிபுணரிடம் அழுக்காகக் கொண்டு போகலாமா? முதுகுப் பக்கம் பென்சில் கிறுக்கல். கறையோடு ஒரு பல்கூட இவர் மேசையைத் தாண்டியதில்லை. மெத்தென்ற ரப்பரை எடுத்துக்கொண்டு, ஒரு மதியம் முழுக்க மூச்சைப் பிடித்து உழைத்தார். தாள் பிறந்த குழந்தை மாதிரி ஆயிற்று.

நிபுணர் அம்மாள் படத்தை ஒரு கணம் பார்த்தார். பிறகு திருப்பி, முதுகை வெகுநேரம் பார்த்தார்.

"தாள் அந்தக் காலத்துதுதான் சார். ஆனா அதே தாள்ல அவர் சிஷ்யங்களும் போட்டிருக்காங்க. அவரே போட்டதுன்னா பின்னாடி பென்சில்ல ரெண்டு வரி எழுதுவார். அது ஒண்ணுதான் அடையாளம். இதுல ஏதாவது இருந்துச்சா?"

"கிறுக்கல் இருந்துச்சு."

"என்ன எழுதியிருந்துச்சு?"

"அழுக்கை யாரும்மா படிப்பாங்க?"

அம்மாள் விளக்கைச் சாய்த்து, பூதக்கண்ணாடி வைத்து, பென்சில் அழுந்திய தடமாவது மிச்சமிருக்கிறதா என்று தேடினார். தடத்தையும் நீவிச் சமன்செய்திருந்தார் நம்மவர்.

"இவ்வளவு நேர்த்தியா அழிச்சு நான் பார்த்ததே இல்ல சார்," என்றார். மனதாரத்தான் சொன்னார்.

"அப்ப இது அசலா?"

"இருக்கலாம். இனிமே யாராலயும் சொல்ல முடியாது."

வீட்டில் கதவைத் திறந்த மனைவி, உள்ளே விடுவதற்கு முன்பே கேட்டாள். "ஏங்க, என்ன சொன்னாங்க?"

"சுத்தமா இருக்காம்."