சிவப்பு வடியாத கண்

ரெபேக்காளுக்கு மாமல்லபுரத்து ஓட்டல் ஒன்றில் குளியலறை கழுவும் வேலை. வாய் கொஞ்சம் நீளம், கை சுத்தம். போன மழைக்காலத்தில், அடைத்துக்கொண்ட குழாயில் அடைப்பு எடுக்கிற பவுடரைக் கொட்டி வெந்நீர் ஊற்றினாள். குழாய் அதை அப்படியே அவள் இடது கண்ணில் திருப்பித் துப்பியது.

அந்தக் கண்ணின் பார்வை புகை மூடியதுபோல் ஆனது. செங்கல்பட்டில் கண் டாக்டர் சுஜாதா நிதானமாக விளக்கினார். கருவிழியின் ஓரத்தில் ஸ்டெம் செல் என்கிற தாய் செல்கள் இருக்கின்றன. கண்ணின் மேல்தோலைப் புதுப்பிப்பது அவைதான். ரெபேக்காளுக்கு அவை வெந்துவிட்டன. நல்ல கண்ணிலிருந்து கொஞ்சம் எடுத்து வைக்கலாம், ஆனால் இப்போது கூடாது. புண்ணைப் பார்க்க ஓடிவந்த வெள்ளை அணுக்கள் இன்னும் அங்கேயே இருக்கின்றன. புதிதாக வைப்பதையும் அவை அழித்துவிடும். அவை போனால்தான் சிவப்பு வடியும், முழுக்க வடியட்டும் என்றார்.

"வந்த விருந்தாளி ரூமைக் காலி பண்ணாம குந்திக்கினு கீறாங்கன்னு சொல்லுங்க."

"அதேதான்" என்று டாக்டர் சிரித்தார்.

ரெபேக்காளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஈஸ்டர் முடிந்ததும் மகள் ஜெனிட்டாவுக்குக் கல்யாணம். நிச்சயதார்த்தத்தன்று மதுராந்தகத்துச் சம்பந்தியம்மா எல்லோர் முன்னாலும், "அந்தக் கறுப்புக் கண்ணாடியக் கழட்டவே மாட்டீங்களா?" என்று கேட்டுவிட்டாள். ரெபேக்காள் சிரித்து மழுப்பினாள். வீட்டுக்கு வந்து குமுறிக் குமுறி அழுதாள்.

அடுத்த தடவை டாக்டரிடம் போகும்போது, பஸ் ஸ்டாண்ட் மருந்துக்கடையில் சிவப்பை மறைக்கிற சொட்டு மருந்து வாங்கி விட்டுக்கொண்டாள். கண் பளிச்சென்று ஆனது. டாக்டர் கருவியில் பார்த்தார், மறுபடியும் பார்த்தார்.

"பரவால்லையே! அடுத்த வாரமே ஆபரேஷன் வெச்சுக்கலாம்."

ரெபேக்காளுக்கு எழுந்து ஆடலாம் போல இருந்தது.

டாக்டர் வலது கண்ணுக்கு வந்தார். "இதுலேர்ந்துதான் எடுக்கணும். கொஞ்சந்தான் எடுக்க முடியும், மிஞ்சினா இதுவும் கெட்டுடும். எடுத்தது வீணாச்சுன்னா திரும்பக் கைவைக்கவே யோசிக்கணும். இப்பதான் சிவப்பு அடங்கிடுச்சே, தைரியமா எடுக்கலாம்."

அந்தத் 'தைரியமா'வைக் கேட்டதும் ரெபேக்காள் வலது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டாள். இந்த ஒற்றைக் கண்ணால்தான் அவள் பஸ் நம்பர் படிக்கிறாள், அரிசியில் கல் பொறுக்குகிறாள், ஜெனிட்டா முகத்தைப் பார்க்கிறாள்.

"மேடம், திட்டாதீங்க. வெள்ளையா தெரியறதுக்கு மருந்து வுட்டுக்கினு வந்தேன். விருந்தாளிங்க இன்னும் போவல."

டாக்டர் திட்டத்தான் செய்தார், அதுவும் நன்றாகவே. ஆபரேஷன் தேதி போயிற்று. ரெபேக்காள் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதபடியே ஊர் வந்து சேர்ந்தாள்.

கல்யாணத்தன்று சர்ச் வாசலில் சம்பந்தியம்மா, "இன்னிக்கும் கண்ணாடியா?" என்றாள். இந்த முறை ரெபேக்காள் மழுப்பவில்லை. கழற்றிக் காட்டினாள்.

"நல்லா பாத்துக்கோங்க, இன்னும் செவப்பாதான் கீது. உங்களுக்கு அழகா தெரியணும்னு, இருக்கற ஒரு கண்ணையும் பணயம் வெக்கப் பாத்தேன்."

ரெபேக்காள் கண்ணாடியை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு முன்வரிசையில் போய் உட்கார்ந்தாள். ஜெனிட்டா உள்ளே வந்தபோது, நல்ல கண்ணால் மகளை ஆசைதீரப் பார்த்தாள்.