மூன்று பிள்ளைகளுக்கு வாங்கிப் போன பரிசுகள்

இதைச் சபையில் எழுந்து நின்று சொல்லும்படி எங்கள் போதகர் பல முறை கேட்டார். நானும் எழுந்து நிற்பேன். தங்கையின் பெயரைச் சொன்னதும் உட்கார்ந்துவிடுவேன். அதனால் எழுதித் தருகிறேன். ஆண்டவர் எனக்குச் செய்ததை மறைத்து வைக்க எனக்கு உரிமை இல்லை.

என் பெயர் எஸ்தர். ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணிக் கம்பெனி ஒன்றில் பேக்கிங் வேலை பார்க்கிறேன். என் கணவர் கிருஷ்ணன்கோவிலில் கல்லூரிப் பேருந்து ஓட்டுகிறார். எங்களுக்குப் பிள்ளை இல்லை. கல்யாணமான நாளிலிருந்து அதற்காக ஜெபித்தோம். சபையே எங்களுக்காக ஜெபித்தது. வயிற்றில் உண்டானவையும் தங்கவில்லை. நாற்பதைத் தாண்டிய பிறகு அந்த ஜெபத்தை நான் நிறுத்திவிட்டேன்.

எனக்கு ஒரே தங்கை, ரூபி. ஸ்ரீவில்லிபுத்தூர்தான் நாங்கள் பிறந்து வளர்ந்த ஊர். அங்கே எங்கள் வேதக்கோயிலுக்கு வெள்ளையடிக்க வந்த இலங்கைப் பையனை அவள் விரும்பிக் கட்டிக்கொண்டாள். அவர்கள் குடும்பம் சண்டைக் காலத்தில் இங்கே அகதி முகாமுக்கு வந்தது. சண்டை ஓய்ந்து அவர்கள் ஊர் திரும்பியபோது ரூபியும் வவுனியாவுக்குப் போய்விட்டாள். அப்பாவும் அம்மாவும் அதற்கு முன்பே இறந்துவிட்டார்கள். எனக்கு அவளும் அவளுக்கு நானும்தான். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் போனில் வருவாள். டிலானி, ஜோயல் என்று இரண்டு பிள்ளைகள். பிறகு கடைக்குட்டியாக ஒரு பெண் குழந்தை. மூன்று பேரையும் போனில்தான் பார்த்திருக்கிறேன். ஜோயல் என் கணவரிடம், "பெரியப்பா, ஹார்ன் அடிங்கோ" என்பான். இவர் வண்டியில் இருந்தால் அடித்துக் காட்டுவார்.

ஒரு வியாழக்கிழமை காலை. கம்பெனியில் ரோல்களை அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தேன். ரூபியின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. பேசியது பக்கத்து வீட்டுப் பெண். புருஷனும் பெண்டாட்டியும் ஆட்டோவில் போகும்போது லாரி மோதிவிட்டது என்றாள். "ரெண்டு பேருமா?" என்று கேட்டேன். அவள் அழுதாள்.

எங்களிடம் பாஸ்போர்ட் இல்லை. என் தங்கையை அடக்கம் பண்ணியதைப் போனில்தான் பார்த்தேன். யாரோ கையில் பிடித்திருந்த போன் ஆடிக்கொண்டே இருந்தது. ஒரு தடவை டிலானி தெரிந்தாள். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். அப்போது அவளுக்கு ஒன்பது வயது. பிறகு போன் அணைந்துவிட்டது.

ரூபி மாப்பிள்ளை வழியில் படுத்த படுக்கையாக அவர் அப்பா மட்டும் இருந்தார். பிள்ளைகளை ஒரு காப்பகத்தில் சேர்த்தார்கள். அன்று சாயங்காலம் என் கணவர் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார்.

"நம்ம பிள்ளைகதான அவிய? வேற யாரு போவா? நாமதான் போய்க் கூட்டிட்டு வரணும்" என்றார். நான் கேட்பதற்கு முன்பே அவர் சொன்னார். அந்த மனுஷனை எனக்குத் தந்ததற்காக இன்றும் ஆண்டவருக்கு நன்றி சொல்கிறேன்.

கம்பெனியில் கூட வேலை பார்க்கும் அக்கா ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "பாத்தியா எஸ்தரு, இம்புட்டு வருசமாக் கேட்ட பிள்ளைய ஆண்டவர் ஒண்ணுக்கு மூணாக் குடுத்துட்டாரு" என்றார். அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். நான் கையை இழுத்துக்கொண்டேன். பிள்ளை கேட்டது நான். அதற்காக என் தங்கை சாக வேண்டுமா? அன்றிலிருந்து பல நாள் என்னால் ஜெபிக்க முடியவில்லை. முழங்கால் போட்டால் கோபம்தான் வந்தது.

வேறு நாட்டிலிருந்து பிள்ளைகளைத் தத்தெடுப்பது லேசான காரியம் இல்லை. சென்னைக்கும் மதுரைக்கும் அலைந்தோம். இங்கே ஒருவர் வீட்டுக்கு வந்து பார்க்க வேண்டும், அங்கே ஒருவர் சம்மதிக்க வேண்டும். ஒரு வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது. அதற்குள் அடுத்த அடி விழுந்தது. காப்பகத்தின் பொறுப்பாளர் அம்மா போனில் சொன்னார். கடைக்குட்டியை அந்த நாட்டிலேயே ஒரு தம்பதியருக்குக் கோர்ட் தத்துக் கொடுத்துவிட்டதாம். கைக்குழந்தை என்பதால் உடனே கேட்டு வந்தார்களாம். எங்கள் விண்ணப்பம் அப்போது பாதிவழியில்தான் இருந்தது.

மூன்று பேரையும் கேட்டேன் ஆண்டவரே, மூன்று பேரையும் கேட்டேன் என்று அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். ஆனால் ஒன்று. கோபமாகவாவது அன்றுதான் மறுபடி அவரோடு பேசினேன்.

மழைக்காலம் முடியும்போது கிளம்ப உத்தரவு வந்தது. பிள்ளைகளுக்கு வாங்கிய பரிசுகளைப் பெட்டியில் எடுத்து வைத்தேன். டிலானிக்குக் கத்திரிப்பூ நிறத்தில் பாவாடை சட்டை. ஜோயலுக்கு மஞ்சள் நிறப் பேருந்து, கதவு திறந்து மூடும். ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கிப் பால்கோவா வாங்கிக்கொண்டேன். கடைக்குட்டிக்கு என்று முன்பே ஒரு பூப்போட்ட கவுனும் கிலுகிலுப்பையும் வாங்கி வைத்திருந்தேன். அவற்றை எடுப்பதா வேண்டாமா என்று கையில் வைத்துக்கொண்டே நின்றேன். "அதையும் வையி" என்றார் இவர். வைத்தேன்.

மதுரையில் விமானம் ஏறிக் கொழும்பில் இறங்கி, பஸ் பிடித்து வவுனியா போனோம். காப்பகப் பொறுப்பாளரை அங்கே எல்லாரும் அன்ரி, அதாவது ஆன்ட்டி, என்று கூப்பிட்டார்கள். எங்களை உட்காரவைத்துவிட்டுப் பிள்ளைகளை அழைத்து வந்தார். ஜோயல் ஓடி வந்து என் கணவர் மடியில் ஏறிக்கொண்டான். டிலானி கதவுக்குப் பக்கத்திலேயே நின்றாள். போனில் அவ்வளவு சிரித்த பிள்ளை. அச்சு அசல் ரூபி.

பெட்டியைத் திறந்தேன். ஜோயல் பேருந்தை வாங்கக் கையை நீட்டினான். டிலானி வேகமாக வந்து அவன் கையைத் தட்டிவிட்டாள்.

"வேண்டாம் பெரியம்மா. ஒண்டும் தர வேண்டாம்."

"ஏம்மா? உங்களுக்குத்தான வாங்கியாந்தேன்."

"அந்த ஆக்களும் இப்பிடித்தான் பொம்மை, உடுப்பு எல்லாம் கொண்டு வந்தவை. நான் சந்தோசமா வாங்கினனான். பிறகு தங்கச்சியைத் தூக்கிக்கொண்டு போயிட்டினம்."

சொல்லிவிட்டுத் தம்பியின் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போய்விட்டாள். பேருந்து மேசைமேல் கிடந்தது. நான் சட்டையை மடித்துப் பெட்டியில் வைத்து மூடினேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

மறுநாளிலிருந்து வெறுங்கையோடுதான் போனோம். வேப்பமரத்தடி பெஞ்சில் உட்கார்ந்திருப்போம். ஜோயல் வந்து விளையாடுவான். அவள் தூரத்தில் நின்று எங்கள் கைகளையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

பத்து வயது நிரம்பிய பிள்ளை என்பதால் கோர்ட்டில் அவளிடமும் சம்மதம் கேட்பார்கள். முன்கூட்டியே கேட்டுப் பார்த்தபோது அவள் மாட்டேன் என்று தலையை மட்டும் ஆட்டினாள். கேஸைப் பார்த்த அலுவலர் எங்களை அழைத்து, "மூத்தவ விரும்பாட்டில் விடுங்கோ. பொடியனை மட்டும் எடுக்கலாம். அவன் சின்னவன், பழகிடுவான்" என்றார். டிலானி வராந்தாவில் ஜன்னல் ஓரமாக நிற்பது எனக்குத் தெரிந்தது.

என் கணவர் அதிகம் பேசுகிறவர் அல்ல. அன்று பேசினார். "அப்படி வேண்டாம் சார். அக்கா தம்பியப் பிரிச்சுக் கூட்டிட்டுப் போறதுக்கு நாங்க வரல. வந்தா ரெண்டு பேரும் வரட்டும். இல்லன்னா ரெண்டு பேரும் இங்கயே இருக்கட்டும். நாங்க வருசா வருசம் வந்து பாத்துட்டுப் போறோம்."

அன்று மத்தியானம் நாங்கள் கிளம்பும்போது அவள் கேட் வரைக்கும் வந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"நாங்கள் இந்தியாவுக்கு வந்திட்டா, தங்கச்சி எங்களை எங்க வந்து தேடுவாள்?"

அதுதான் அவள் மனதில் இருந்தது. குழந்தை ஒரு நாள் அந்தக் கேட் வழியாகத் திரும்பி வரும், அப்போது தான் அங்கே இருக்க வேண்டும் என்று ஒரு வருஷமாகக் காத்திருக்கிறாள். நான் அவளிடம் பொய் சொல்ல விரும்பவில்லை. எனக்குத் தெரியவில்லை கண்ணே என்றேன்.

அன்ரியிடம் கெஞ்சினேன். தத்தெடுத்தவர்களிடம் பேசி, குழந்தையை ஒரு தடவை, ஒரே ஒரு தடவை இந்தப் பிள்ளைகளுக்குக் காட்டச் சொல்லுங்கள் என்றேன். அவர் தயங்கினார். "அவை வர வேணும் எண்டு சட்டம் இல்லை அம்மா. அந்தத் தாய்க்கும் பயம் இருக்குமல்லோ. கேட்டுப் பாக்கிறன்" என்றார். கேட்டார். அந்தப் பக்கம் பதில் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அங்குள்ள கோயிலுக்குப் போனோம். ஆராதனை முடிந்து எல்லாரும் போன பிறகும் நான் எழுந்திருக்கவில்லை. ஜெபித்தேன். எனக்குப் பிள்ளை வேண்டும் என்று ஜெபிக்கவில்லை. என்னை அம்மா என்று கூப்பிட வேண்டும் என்று ஜெபிக்கவில்லை. ஆண்டவரே, அந்தப் பிள்ளை காத்துக்கொண்டிருக்கிறாள், அவளுக்குப் பதில் கொடும். என்னை விட்டுவிடும், அவளுக்குப் பதில் கொடும். இதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னேன். இத்தனை வருஷத்தில் எனக்கென்று எதுவும் கேட்காமல் ஜெபித்தது அன்றுதான்.

கோர்ட்டுக்குப் போவதற்கு முந்தின நாள் காலையில் ஒரு வேன் வந்து நின்றது. என் வயதில் ஒரு பெண் இறங்கினாள். இடுப்பில் குழந்தை. பக்கத்தில் புருஷன். யாரும் கட்டாயப்படுத்தாமல் அவர்களாகவே வந்தார்கள். அந்தப் பெண் என்னிடம் வந்து, "வர வேண்டாம் எண்டுதான் நினைச்சனான். என்னால ஒழுங்காச் சாப்பிட ஏலாமப் போச்சு அக்கா. அதுதான் வந்திட்டன்" என்றாள். குழந்தையைக் கேட்டு நாங்கள் வழக்குப் போடுவோமோ என்று அவளுக்குப் பயம். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அவளும் என்னைப்போலப் பல வருஷம் கேட்டு அழுதவள்தான். பார்த்ததுமே தெரிந்தது.

டிலானி ஓடி வந்தாள். குழந்தையை வாங்கி மார்போடு அணைத்தாள். "குட்டி, அக்கா வந்திருக்கிறன், அக்கா" என்றாள்.

குழந்தைக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. வீறிட்டு அழுதது. உடம்பை வளைத்துக்கொண்டு இரண்டு கையையும் அந்தத் தாயை நோக்கி நீட்டியது. டிலானி கொஞ்சம் தட்டிக்கொடுத்துப் பார்த்தாள். ஆட்டிப் பார்த்தாள். ஜோயல் முகத்தைக் கோணிச் சிரிப்புக் காட்டினான். அழுகை நிற்கவில்லை. பிறகு டிலானி அவளாகவே நடந்துபோய் அந்தத் தாயின் கையில் குழந்தையைக் கொடுத்தாள். குழந்தை அந்தத் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டதும் அழுகை நின்றுவிட்டது.

டிலானி என்னிடம் வந்தாள்.

"பெரியம்மா, தங்கச்சிக்கு எண்டு ஏதும் கொண்டு வந்தனீங்களோ?"

பெட்டியிலிருந்து கவுனையும் கிலுகிலுப்பையையும் எடுத்துக் கொடுத்தேன். முதல் தடவையாக என் கையிலிருந்து வாங்கினாள். வாங்கி அந்தத் தாயிடம் கொடுத்தாள். "இது அம்மாவின்ட ஊரில இருந்து வந்தது" என்றாள். கவுன் குழந்தைக்குச் சின்னதாகிவிட்டது என்று பார்த்ததுமே தெரிந்தது. அந்தப் பெண் அதைக் குழந்தையின் முதுகில் வைத்து அளவு பார்ப்பதுபோல் பார்த்து, "நல்ல வடிவா இருக்கு" என்றாள்.

வேன் போன பிறகு டிலானி கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். நான் பக்கத்தில் போய் நின்றேன். தொடவில்லை. கடைசியில் அவளே சொன்னாள்.

"அவள் அங்க நல்லா இருக்கிறாள். நாங்கள் போவம் பெரியம்மா."

மறுநாள் கோர்ட்டில் சம்மதம் சொன்னாள். பிள்ளைகளோடு ராஜபாளையம் வந்து சேர்ந்தோம்.

பிரியமானவர்களே, என் பிள்ளை ஜெபம் கேட்கப்பட்டது என்று இன்றும் சிலர் சொல்கிறார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். ரூபி ஏன் போனாள் என்று எனக்குத் தெரியாது. மூன்று கேட்டேன், இரண்டு பேர்தான் வீட்டில் இருக்கிறார்கள். சாயங்காலங்களில் டிலானி திடீரென்று அழுவாள். என்னிடம் வந்து அழுகிறாள். அது எனக்குப் போதும். நான் அந்தக் கோயிலில் கேட்டது ஒன்றே ஒன்று, அந்தப் பிள்ளைக்குப் பதில் கொடும் என்று. வர வேண்டிய அவசியமே இல்லாத ஒரு தாயின் இருதயத்தை ஆண்டவர் அசைத்தார். இதை வேறு யாரும் செய்திருக்க முடியாது. அன்றிலிருந்து என் ஜெபம் மாறிவிட்டது. எனக்கு என்று தொடங்குவது குறைந்துவிட்டது.

அந்தத் தாய் அவ்வப்போது குழந்தையின் படம் அனுப்புகிறாள். குழந்தைக்கு அவர்கள் மிதுலா என்று வேறு பெயர் வைத்திருக்கிறார்கள். ரூபி வைத்த பெயரைத் தவிர வேறு பெயரை டிலானி வாயில் எடுக்கவே மாட்டாள். போன வாரம் குடும்ப ஜெபத்தில் அவள் முறை வந்தது. தம்பிக்காக ஜெபித்தாள். பெரியப்பா வண்டிக்காக ஜெபித்தாள். பிறகு கொஞ்சம் நிறுத்தினாள். "மிதுலாவையும் அவளின்ட அம்மா அப்பாவையும் பாத்துக்கொள்ளும்" என்றாள். என்னால் ஆமென் சொல்ல முடியவில்லை. என் கணவர்தான் சொன்னார்.

இதை வாசிக்கிற யாராவது ஆண்டவரிடம் கோபித்துக்கொண்டு பேசாமல் இருந்தால், அந்தக் கோபத்தோடேயே போய் உட்காருங்கள். அவர் தாங்கிக்கொள்வார். என்னைத் தாங்கினார்.