இருபத்தேழு பிள்ளைகளும் ஒரு கூரையும்

பள்ளிக்கூடத்தில் அவளை எல்லோரும் சாவியக்கா என்றே கூப்பிட்டார்கள். கதவைத் திறப்பது, கூட்டுவது, குடிக்கத் தண்ணீர் சுமந்து வருவது, சாயங்காலம் பூட்டுவது எல்லாம் அவள் வேலை. ஒன்று முதல் ஐந்து வரை எல்லா வகுப்பும் ஒரே அறையில், ஒரே வாத்தியாரிடம். இரண்டாம் வகுப்புக்குக் கழித்தல் கணக்கு போட்டால் ஐந்தாம் வகுப்பு விடை சொல்லும். "நம்ம பள்ளிக்கூடத்துல ஒன்னாங்கிளாஸ்ல உக்காந்தாலே அஞ்சாங்கிளாஸ் பாடம் இலவசம்" என்று அவள் வேடிக்கையாகச் சொல்வாள்.

மழை பொய்த்து மூன்றாவது வருடம். அவள் கணவன் ஆழ்துளைக் கிணறு போடும் லாரியோடு ஊர் ஊராகத் திரிந்தான். மாதத்துக்கு ஒரு முறை முகம் காட்டினால் பெரிது. ஒரே மகள், நான்காம் வகுப்பு.

கூரையின் சேதி அவளுக்குத் தரையைக் கூட்டும்போதுதான் தெரிந்தது. ஒரு நாள் காலையில் அறையின் நடுவே கொஞ்சம் வெள்ளைத் தூள் கிடந்தது. கூட்டித் தள்ளினாள். மறுநாளும் அதே இடத்தில் தூள். மூன்றாம் நாள் தூளோடு நகத்தளவு காரைத் துண்டுகள். நிமிர்ந்து பார்த்தாள். தளத்தில் கோணல்மாணலாக ஒரு விரிசல் ஓடியது. ஓரிடத்தில் துருப்பிடித்த கம்பி பல்லைக் காட்டியது. அதற்கு நேர் கீழே நான்காம் வகுப்பின் பாய்.

வாத்தியாரிடம் சொன்னாள். அவருக்கு முன்பே தெரிந்திருந்தது. அவளை வெளியே அழைத்துப்போய்த் தணிந்த குரலில் பக்கத்து ஊர்க் கதையைச் சொன்னார். போன வருடம் அங்கே அதிகாரிகள் வந்து, சுவர் சரியில்லை என்று அன்றைக்கே பள்ளிக்கூடத்தைப் பூட்டினார்கள். ஆறு கிலோமீட்டர் தள்ளியிருந்த பள்ளிக்குப் போகச் சொன்னார்கள். பஸ் கிடையாது, வழியில் ஒதுங்க ஒரு மரம் கிடையாது. பத்தொன்பது பிள்ளைகளில் நான்கு பேர்தான் இன்றும் போகிறார்கள். மற்றவர்கள் செங்கல் சூளையிலும் ஆட்டுக்குப் பின்னாலும்.

"சொன்னா பூட்டிருவாங்க. பூட்டினா நம்ம பிள்ளைங்களும் சூளைக்குத்தாம்மா. சொல்லலைன்னா..." என்று இழுத்தார்.

அவளுக்கும் அது புரியாமலில்லை. அவள் படிப்பு மூன்றாம் வகுப்போடு நின்றதற்குக் காரணமே பள்ளிக்கூடத்தில் கழிவறை இல்லாததுதான். ஓடைப் பக்கம் ஒதுங்கப்போன ஒருத்தியைப் பாம்பு கடித்தது. அந்த வாரமே ஊரில் பாதிப் பெண்பிள்ளைகளை வீட்டில் நிறுத்திவிட்டார்கள். அதனால் வாயை மூடிக்கொண்டாள்.

வாயை மூடினாலும் மனம் கேட்கவில்லை. தினமும் அரை மணி முன்னதாகவே போனாள். விழுந்த தூளை யார் கண்ணிலும் படாமல் வாரினாள். பாய்களைச் சுவரோரமாக நகர்த்தினாள். உத்தரத்தில் தொங்கிய மணியைக் கழற்றிக் கையில் பிடித்து அடித்தாள். பிள்ளைகள் சேர்ந்து வாய்ப்பாடு சொன்னாலும், ரோட்டில் லாரி போனாலும் அவள் கண் விரிசலுக்குப் போனது. வாசல்படியில் உட்கார்ந்து மேலேயே பார்த்துக்கொண்டிருப்பாள். யாராவது கேட்டால் பல்லி என்பாள்.

அந்த மாதத்தில் மூன்று பிள்ளைகள் வரவில்லை. வீடு தேடிப் போனாள். வயிற்றுவலி என்றார்கள், காய்ச்சல் என்றார்கள். பிறகு ஒரு காலை, தலை வாரிவிடும்போது அவள் மகளே வயிற்றுவலி என்றாள். நெற்றியைத் தொட்டுப் பார்த்தவளின் கையை விலக்கிவிட்டுச் சொன்னாள்:

"அது பல்லி இல்லம்மா. எங்க எல்லாருக்கும் தெரியும். அந்த மூனு பேரும் பயந்துதான் நின்னுட்டாங்க. நீ திட்டுவேன்னுதான் நான் தினமும் போறேன்."

சீப்பு கையிலேயே நின்றுவிட்டது. பிள்ளைகள் நின்றுவிடக் கூடாதென்று மறைத்ததே பிள்ளைகளை ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டிருக்கிறது.

அன்றைக்கு அவள் கதவைத் திறக்கவில்லை. இருபத்துநான்கு பிள்ளைகளும் வெளியே நின்றார்கள். வாத்தியார் முதலில் அதட்டினார், பிறகு கெஞ்சினார்.

"சாவி தரமாட்டேன் சார். வேலையை விட்டுத் தூக்கினாலும் சரி" என்றாள். சாவியை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

நேராகக் கடலை உடைக்கும் மில்லுக்குப் போனாள். விளைச்சல் இல்லாததால் அது இரண்டு வருடமாகச் சும்மா கிடந்தது. மில்லுக்காரர் முகம் கொடுத்துப் பேசாதவர். அவரிடம் வகுப்பு நடத்த இடம் கேட்டாள். தகரக் கொட்டகை, பிள்ளைகள் வெந்துபோவார்கள் என்றார்.

"வேகட்டும்ங்க. தலையில விழாதுல்ல?"

அவர் எழுந்துபோய் இயந்திரத்தின் மேல் சாக்கைப் போர்த்தினார்.

வாத்தியாரும் அன்றே மேலிடத்துக்கு எழுதினார். அதிகாரி வந்து பழைய கட்டிடத்துக்கு இன்னொரு பூட்டுப் போட்டார். மில்லில் பள்ளி நடத்த விதியில்லை என்றார். பிறகு வரிசையாக உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்து, மேலே கேட்டுச் சொல்கிறேன் என்று போனார்.

மில்லுக்கு மாறிய பதினோராம் நாள், முற்பகல். பெரிய பாறை உருண்டது போல ஒரு சத்தம் மில்வரை கேட்டது. புழுதி எழுந்தது தெரிந்தது. அவள் பிள்ளைகளை எண்ணினாள். இருபத்துநான்கு. மீதி மூன்று பேரும் அந்தப் பழைய கட்டிடத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரர்கள்; அதன் தாழ்வாரத்தில் விளையாடுகிறவர்கள்.

செருப்பு எங்கே கழன்றது என்று அவளுக்குத் தெரியாது. கூரை மொத்தமாக உட்கார்ந்திருந்தது. தாழ்வாரம் இருந்த இடமே தெரியவில்லை. பெயர் சொல்லிக் கத்தினாள். கற்களைக் கையால் புரட்டினாள். ஓடி வந்தவர்களும் புரட்டினார்கள். அவள் அப்படித் தோண்டிக்கொண்டிருக்கும்போது, பின்னாலிருந்து ஒரு குரல், "என்னக்கா தேடுற?" என்றது. இரண்டு பேர் ஆடுகளோடு நின்றார்கள். மூன்றாவது பிள்ளை வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தது. அவள் அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

மறுவாரம் இருவர் மில்லுக்கு வந்தார்கள். மூன்றாவது குடும்பம் சூளைக்குக் கிளம்பிவிட்டது.

மில் பள்ளிக்கு இது இரண்டாவது கோடை. புதுக் கட்டிடத்துக்கு அளந்துவிட்டுப் போனதோடு சரி. கழிவறை இல்லை, பெரிய பெண்பிள்ளைகளுக்குச் சுவர் மறைவில் சாவியக்காதான் சேலையைப் பிடித்துக்கொண்டு காவல் நிற்கிறாள். அப்படியும் ஒருத்தி நின்றுவிட்டாள். மகள் ஐந்தாம் வகுப்பை முடிக்கப்போகிறாள். ஆறாம் வகுப்பு, பக்கத்து ஊர்ப் பிள்ளைகளை அனுப்பிய அதே பள்ளியில்தான்; இங்கிருந்தும் ஆறு கிலோமீட்டர்.

போன ஞாயிற்றுக்கிழமை அவள் மகளுக்குத் தெரியாமல் அந்த வழியில் நடந்து பார்த்துவிட்டு வந்தாள். ஒரு மணி இருபது நிமிடம். நடுவில் இரண்டு இடங்களில், கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் ஒரு வீடும் இல்லை.