ஐஸ் அறையில் ஐந்து கிலோ பட்டாணி

அறுபதுகளில், மாட்டுங்காவில் நாங்கள் குடியிருந்த கட்டிடத்தில் ஃபிரிஜ் வைத்திருந்த ஒரே வீடு எங்களுடையது. டெலிபோன் வைத்திருந்த ஒரே வீடு மேல்மாடி மாமியுடையது. இரண்டு வல்லரசுகளுக்கும் இடையே எழுதப்படாத ஒப்பந்தம் ஒன்று இருந்தது. தினமும் மாலை ஐந்தரைக்கு எங்கள் ஐஸ் தட்டு மேலே போகும். ஆபீசிலிருந்து வரும் மாமியின் கணவர் மோரில் போட்டுக் குடிப்பார். பதிலுக்கு, அவர்கள் நம்பரை எங்கள் கடிதங்களில், அடுத்தவர் வீட்டு போன் என்பதற்கு அடையாளமாக ‘பி.பி.’ என்று போட்டு எழுதிக்கொள்ளலாம். யாராவது கூப்பிட்டால் மாமி ஜன்னல் வழியாகக் குரல் கொடுப்பாள்.

அந்த மார்ச்சில் என் மனைவி செம்பூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் வேலைக்கு விண்ணப்பித்திருந்தாள். பி.எஸ்.ஸி. முடித்து நாலு வருஷமாகப் பால்காரனோடு மட்டும் கணக்குப் பேசிவந்தவள். நேர்முகத்துக்குப் போனில் கூப்பிடுவார்கள் என்று சொல்லியிருந்தார்கள். ஜன்னல் பக்கத்தில்தான் உட்கார்ந்து காய் நறுக்கினாள்.

அதே வாரம் நான் ஐந்து கிலோ பட்டாணி வாங்கினேன். சீசன் முடிகிற நேரம், கொள்ளை மலிவு. மே மாதத்தில் அதே பட்டாணியைப் பார்ப்பதற்கே காசு கேட்பான். பச்சைக் காய்களை உறையவைத்துப் பணம் மிச்சம் பிடிக்கும் முறையை ஆபீசுக்கு வந்த வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்றில் படித்திருந்தேன். எதையும் முறைப்படி செய்பவனுக்கு உலகம் வசப்படும் என்று அப்போது நம்பினேன்.

“ஏன்னா, இத்தனையை யார் தின்னப்போறா?” என்றாள் மனைவி.

“இப்ப யாரும் இல்ல. மே மாசத்துல நாமதான்.”

“அதுவரைக்கும் ஐஸ்?”

“ஐஸ் அத்தியாவசியப் பொருள் இல்ல.”

“அதை மேலாத்து மாமாகிட்ட நீங்களே சொல்லுங்கோ.”

கொதிநீரில் இரண்டு நிமிஷம், உடனே ஐஸ் நீரில் இரண்டு நிமிஷம் என்பது முறை. ஆக, அன்றைய ஐஸ் முழுக்கப் பட்டாணி குளிப்பதற்கே போயிற்று. பிறகு என் நல்ல வேஷ்டியில் பரப்பி, ஃபேனுக்கு அடியில் உலர்த்தி, புடவைக் கடைப் பாலிதீன் பைகளில் காற்றில்லாமல் கட்டி, ஒவ்வொன்றிலும் தேதியும் எடையும் எழுதிய சீட்டைச் செருகினேன். கையெழுத்தும் போட்டேன். எதற்கு என்று இன்றுவரை தெரியவில்லை. ஐஸ் அறை சிறியது. பைகள் நுழைந்ததும் தட்டு வெளியே வந்துவிட்டது.

ஐந்தரை தாண்டியும் தட்டு வராததால் மாமி பாத்திரத்தோடு இறங்கி வந்தாள். நிலைமையை விளக்கினேன்.

“பட்டாணிக்கு ஜுரமா என்ன?” என்று கேட்டுவிட்டு வெறும் பாத்திரத்தோடு ஏறிப்போனாள்.

மூன்று நாள் போன் வரவில்லை. நாலாம் நாள் காலை நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மனைவி சொன்னாள்: “எதிராத்துக்காராளை மாமி நேத்திக்கு மட்டும் ரெண்டு தடவை போனுக்குக் கூப்பிட்டா. நமக்கு ஒண்ணுமில்லை. எனக்கு என்னமோ சரியாப் படலை.” படியேறினாள். கையைக் கழுவிக்கொண்டு நானும் பின்னால் போனேன்.

“போனா? வந்ததே,” என்றாள் மாமி. “நேத்திக்கு மத்தியானம். செம்பூர்லேர்ந்து ஒரு பொம்மனாட்டி.”

“சொல்லவே இல்லையே மாமி?”

“உங்காத்துக்காரர்தான் எல்லாத்தையும் மே மாசத்துக்குன்னு எடுத்து வைக்கறாரே. இதையும் அப்ப சொல்லிக்கலாம்னு இருந்தேன்.”

மனைவி சண்டை போடவில்லை. “எப்ப வரச் சொன்னா?” என்று மட்டும் கேட்டாள்.

மாமியின் முகம் கொஞ்சம் மாறியது. “இன்னிக்குத்தான். பத்து மணிக்கு.”

மணி ஒன்பதே முக்கால்.

மனைவி கீழே வந்து ஐந்து நிமிஷத்தில் புடவை மாற்றினாள். சர்டிபிகேட் நகல்களில் அத்தாட்சிக் கையெழுத்து வாங்கியிருக்கிறதா என்று விசாரித்தேன். அவள் ஃபிரிஜ்ஜைத் திறந்து என் பைகளை ஒவ்வொன்றாக எடுத்து வாளியில் போட்டாள். தட்டில் தண்ணீர் ஊற்றி ஐஸ் அறையில் வைத்துச் சாத்தினாள். அதற்குப் பிறகுதான் செருப்பை மாட்டினாள்.

“அஞ்சரைக்கு ஐஸ் மேல போகணும். நீங்களே கொண்டு போங்கோ.”

பதினெட்டு வருஷ சர்வீசில் முதல் முறையாக, காரணம் எழுதாமல் பிற்பகல் அரை நாள் லீவு கேட்டேன். வீடு திரும்பியபோது வாளியில் பட்டாணி வியர்த்துக்கொண்டிருந்தது. ஒருமுறை உருகியதைத் திரும்ப உறையவைக்கக் கூடாது, அதுவும் முறைதான்.

ஐந்தரைக்குத் தட்டோடு மேலே போய் நின்றேன். மாமி வாங்கிக்கொண்டாளே தவிர, உட்காரச் சொல்லவில்லை. அந்த நேரம் போன் அடித்தது.

“யாரு? நீயா?” என்றாள் மாமி. “ம்... ம்... வந்துடுத்துடி, நன்னாக் கட்டியாவே இருக்கு... ம்... சரி, சரி.”

போனை வைத்துவிட்டு ஐஸ் கட்டிகளைப் பெயர்க்கத் தொடங்கினாள்.

“என்ன மாமி ஆச்சு?”

“லேட்டாப் போனதால கடைசிலதான் கூப்பிட்டாளாம். அத்தனை நேரமும் பச்சைத் தண்ணியோட உக்காந்திருந்திருக்கா, பாவம்.” மாமி என்னைப் பார்க்கவில்லை. “வேலை கிடைச்சுடுத்து. ஜூன்ல சேரணுமாம்.”

“எங்கிட்ட பேசணும்னு சொல்லலையா?”

“நீர் இங்கதான் நிக்கறீர்னு சொல்றதுக்குள்ள வெச்சுட்டா,” என்றாள் மாமி.