மழை வராத நாள்கள்

மில் முதலாளி செல்போனில் மழை பார்ப்பார். மில்லில் மற்றவர்கள் பார்ப்பது எங்கள் சின்னம்மாவின் பாதத்தை.

சின்னம்மா, அம்மாவுக்கு நேர் இளையவர். ஜவ்வரிசி மில்லில் களத்து வேலை. சிமெண்டுக் களத்தில் காயும் ஈர மாவைக் காலால் கிளறிக்கொண்டே நடப்பார். உள்ளங்காலில் மாவு ஒட்டுகிற தினுசு மாறி, கொல்லிமலைப் பக்கத்துக் காற்றும் நின்றுவிட்டால், "அள்ளுங்க" என்று ஒரு குரல். வானம் பளிச்சென்றுதான் இருக்கும். ஆனாலும் மொத்தக் களமும் மாவைக் குவித்துத் தார்ப்பாயை இழுத்து மூடிவிடும்.

ஏழாவது படிக்கையில் அதையே பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு எடுத்துக்கொண்டேன். தினமும் சாயங்காலம் கேட்டுக் குறிப்பேன்: சின்னம்மா சொன்னது எத்தனை மணி, மழை வந்தது எத்தனை மணி. முதலாவதாக வந்தால் மாவட்டப் போட்டிக்கு நாமக்கல்லுக்கு அனுப்புவார்கள். எனக்கு அது ஒன்றுதான் நினைப்பு. சிக்கல் என்னவென்றால், சில நாள் சின்னம்மா சொல்வார், மழை வராது. நம் வீட்டு ஆளை நாமே குறைத்துக் காட்டுவதா? அந்த நாள்களை விட்டுவிட்டுப் புது நோட்டில் எழுதினேன். பக்கமெல்லாம் பச்சை டிக். பார்க்கவே அம்சமாக இருந்தது.

மதிப்பெண் போட வந்த கல்லூரி ஆசிரியர் நோட்டைப் புரட்டிவிட்டு, ஒரு தடவைகூடத் தப்பவில்லையா என்று கேட்டார். இல்லைங்க சார் என்றேன். லீவு போட்டுவிட்டு, நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்திருந்த சின்னம்மா என் பின்னால்தான் நின்றார்.

"ஏனுங்க, தப்பாம இருக்குமுங்களா? அஞ்சுக்கு ரெண்டு பொய்யாத்தான் போவும். சும்மா சொல்லீட்டா கொஞ்சம் வெயிலு போச்சு, மொதலாளி வைவாரு, அவ்வளவுதானுங்க. சொல்லாம உட்டா களமே கஞ்சியாயிருமுங்க. அதனால சந்தேகமுன்னாலே சொல்லீருவனுங்க."

அதன்பிறகு அந்த ஆசிரியர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. எந்தக் காற்று, மாவு எப்படி ஒட்டும் என்று சின்னம்மாவிடம் கேட்டுக் கேட்டுத் தன் தாளில் எழுதிக்கொண்டார். பக்கத்து மேசைக்காரியின் சோடா எரிமலைதான் நாமக்கல்லுக்குப் போனது.

சொந்தச் சின்னம்மாவே காலை வாரிவிட்டார் என்று வழியெல்லாம் நான் நாலடி முன்னாலேயே நடந்தேன். பேக்கரியில் தேங்காய் பன் வாங்கித் தந்தார். அதையும் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் தின்றேன்.

அடுத்த வாரம் பள்ளி விட்டு மில் வழியாக வந்தேன். சின்னம்மாவின் குரல் கேட்டது. அள்ளினார்கள், மூடினார்கள். நான் வேலியோரம் நின்று பார்த்தேன். மழை வரவில்லை. வெயில் மறுபடி சுள்ளென்று அடித்தது. முதலாளி வைதுகொண்டிருந்தார். தார்ப்பாயை விலக்கிக்கொண்டே சின்னம்மா என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"இதையும் எழுதிக்க சாமி."

நோட்டு பைக்குள்ளேதான் இருந்தது. கண்காட்சிதான் முடிந்துவிட்டதே, இனிமேல் எழுதி என்ன ஆகப்போகிறது என்று நான் பாட்டுக்கு வீட்டுக்கு நடந்தேன்.