பனங்காடைக்கு விழுந்த மண்ணாங்கட்டி

ஹெஸ்ஸாவுக்கு நாப்பத்தாறு வயசு. குவைத்துல, வஃப்ரா பக்கம் இருக்கிற சித்தப்பா தோட்டத்துக்குப் பத்து வருஷமா ஒரு வெள்ளிக்கிழமை விடாம வர்றா. வாரம் முழுக்க ஸ்கூல் பொண்ணுங்களுக்கு கெமிஸ்ட்ரி, வெள்ளிக்கிழமை பறவைங்க. காரை விட்டு எறங்கவே மாட்டா. ஜன்னல்ல ஒரு அரிசிப் பை, அது மேல கேமரா. பறவை தானா பக்கத்துல வரணும். வரலைன்னா வெறுங்கையோட வீட்டுக்குப் போவா, அவ்ளோதான்.

போன வாரம் அவளே ஒரு கிறுக்குத்தனம் பண்ணிட்டா. பனங்காடைன்னு நீல றெக்கைப் பறவை ஒண்ணு, அது படத்தை இன்ஸ்டாகிராம்ல போட்டா. எந்த இடம்னு எழுதல. ஆனா பின்னாடி தண்ணித் தொட்டி, அதுல ஆளுயரத்துக்கு சித்தப்பா பேரு!

இந்த வாரம் இன்னொரு பனங்காடை, பாலைவனத்தைத் தாண்டி வந்த களைப்புல குழாய் மேல ஒடுங்கி உக்காந்திருக்கு. சுத்தி ஆறு ஜீப்பு, எல்லாம் அந்தப் படத்தைப் பாத்து எடம் கண்டுபிடிச்சு வந்த கேமராக்காரப் பயலுக. அது பூச்சி பிடிக்கக் கீழ எறங்கினா போதும், ஃபலாஹ்னு ஒரு பய மண்ணாங்கட்டியை விட்டெறியறான்.

ஹெஸ்ஸா காரை விட்டு எறங்கிட்டா. "ஏன்டா எறியற?"

"றெக்கையை விரிச்சாதானே அக்கா அந்த நீலம் தெரியும்? ஒரே ஒரு ஷாட்டு!"

"உங்கம்மா பட்டினியா நடந்து வந்து சோத்துல கை வைக்கிறப்போ கல்லெறிஞ்சு போட்டோ எடுப்பியா?"

"எங்கம்மாவுக்கு நீல றெக்கை இல்லையே!" கூட்டமே சிரிக்குது.

சித்தப்பாகிட்ட ஓடினா. அவர் அந்தப் பயலுகளுக்குக் காப்பியும் பேரீச்சம்பழமும் எடுத்து வச்சுக்கிட்டிருக்கார்!

"தொரத்துங்க சித்தப்பா!"

"வாசலுக்கு வந்தவனைப் போடான்னு சொல்லவா? அப்புறம் நான் வெளிய தலை காட்ட முடியுமா?"

"சரி, வயலுக்குத் தண்ணியாவது விடுங்க."

"நேத்துதானேம்மா விட்டேன்!"

அவ காதுல வாங்கல. நேரா போயி வால்வைத் திருகிட்டா. அம்பது ஸ்பிரிங்க்ளரும் ஒண்ணா சீறுச்சு. நம்ம காசுக்கு லட்ச ரூபா பெறுற லென்ஸையெல்லாம் அங்கிக்குள்ள சுருட்டிக்கிட்டு அந்தப் பயலுக ஓடின ஓட்டம் இருக்கே!

"விருந்தாளிங்க நனையறாங்க ஹெஸ்ஸா!"

"குடை குடுத்து அனுப்புங்க!"

ஈரத்துக்கு வெட்டுக்கிளிங்க துள்ளிக் கிளம்புச்சு. பனங்காடை எறங்கி ஒண்ணு முழுங்குச்சு, இன்னொண்ணு முழுங்குச்சு. கேமரா கார்ல கெடக்கு. ஹெஸ்ஸா தொப்பலா நனைஞ்சு, வால்வுல வச்ச கையை எடுக்காம, அது மூணாவதை முழுங்கற வரைக்கும் நின்னா.